பழைய ஃபிலிம் கேமராவில் கல்லறைக் கற்களைப் படமெடுப்பது எப்படி: பெங்களூரிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

கல்லறைத் தோட்டத்துக்கு ஃபிலிம் கேமராவோடு வரும் புதியவர்கள் பெரும்பாலும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். காலை ஆறரைக்கு வந்து, மரங்களுக்கு நடுவே இறங்கும் வெயிலில் மயங்கி, ஒன்பது மணிக்குள் ரோல் முழுவதையும் முடித்துவிடுகிறார்கள். பத்து நாள் கழித்து ஸ்கேன் வருகிறது. மரங்கள் அருமையாக இருக்கின்றன. ஒரு கல்லிலும் பெயர் படிக்க முடியவில்லை.

நான் போவது ஓசூர் ரோடு கல்லறைத் தோட்டத்துக்கும் கல்பள்ளிக்கும். இரண்டிலும் தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு. இடம் போதாமல் பழைய குடும்பக் குழிகளைத் திரும்பத் திறக்கிறார்கள். பழைய கல் போய், பாலிஷ் போட்ட கறுப்புக் கிரானைட் வருகிறது. போன பழைய கல்லுக்குப் பல சமயம் வேறு சாட்சி கிடையாது. அதனால் எழுத்து தெரியாத படத்தை நான் பாதிப் படமாகத்தான் நினைக்கிறேன். இந்த வழிகாட்டி எழுத்துத் தெரியும் படத்துக்கானது. படிகளின் வரிசையை மாற்றாதீர்கள், ஒவ்வொன்றும் முந்தையதை நம்பியே நிற்கிறது.

1. முதல் நாள் வெறுங்கையோடு போங்கள்

கேமரா கையில் இருந்தால் கண் தானாகச் சம்மனசு (தேவதூதர்) சிலைகளுக்கும் சாய்ந்த சிலுவைகளுக்கும் போய்விடும். அதனால் முதல் நாள் ஒரு நோட்டு, பென்சில், காம்பஸ் மட்டும் போதும். போனில் இருக்கும் காம்பஸே போதும்.

வரிசை வரிசையாக நடந்து ஒரு கைவரைபடம் போடுங்கள். ஒவ்வொரு கல்லுக்கும் மூன்று விஷயம் குறிக்க வேண்டும்: எழுத்து எந்தத் திசையைப் பார்க்கிறது, கல் நிற்கிறதா படுத்திருக்கிறதா, எந்த வகைக் கல். இந்த மூன்றும்தான் பிறகு நேரத்தையும் எக்ஸ்போஷரையும் (ஃபிலிமில் எவ்வளவு வெளிச்சம் விழ வேண்டும் என்பதையும்) முடிவு செய்யப் போகின்றன.

பழைய கிறிஸ்தவக் கல்லறைகளில் தலை மேற்கே, கால் கிழக்கே வைத்துக் கிடத்துவது வழக்கம். தலைமாட்டுக் கல்லின் எழுத்து பெரும்பாலும் கிழக்கைப் பார்க்கும். ஆனால் இடநெருக்கடியில் குறுக்கே வைத்த கற்களும் நிறைய. அனுமானிக்காமல் காம்பஸைப் பாருங்கள்.

நாலு கல்லுக்கு மேல் முதல் தடவைக்குத் தேர்ந்தெடுக்க வேண்டாம். 120 என்ற அகல ஃபிலிம் ரோலில் சதுரப் படம் 12தான் வரும். ஒரு கல்லுக்கு மூன்று படம் என்றால் கணக்கு சரியாகப் போய்விடும்.

மழைக்காலத்தைத் தவிருங்கள். புல் முழங்கால் வரை நிற்கும், பாம்பு இருக்கும், பாசி எழுத்தை மூடியிருக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அன்று குடும்பங்கள் மெழுகுவர்த்தியும் பூவுமாக வந்திருக்கும்போது அவர்கள் நடுவே கேமராவைத் தூக்காதீர்கள்.

2. அனுமதி வாங்குங்கள், வாட்ச்மேனிடம் பேசுங்கள்

கல்லறைத் தோட்டத்தைப் பராமரிக்கும் அலுவலகத்தில் என்ன எடுக்கிறீர்கள், எதற்கு என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். ட்ரைபாட் வைப்பேன் என்பதையும் அதிலேயே சொல்லிவிடுங்கள். ட்ரைபாடைப் பார்த்தால் சினிமா ஷூட்டிங் என்று நினைத்து நிறுத்துவார்கள். கையில் கடிதம் இருந்தால் பேச்சு சுருங்கும்.

அதைவிட முக்கியம், உள்ளே வேலை செய்கிறவர்கள். "யாரு கல்லும்மா தேடுறீங்க?" என்று என்னை முதல் நாள் ஒரு பெரியவர் கேட்டார். யாருடையதும் இல்லை, பழைய தமிழ் எழுத்து தேடுகிறேன் என்றேன். "அப்ப சுவர் ஓரமா வாங்க, கொடி மூடிக் கிடக்குது" என்று கூட்டிப்போனார். நான் நாலு முறை நடந்தும் பார்க்காத வரிசை அது. அவரோடு பேசாமல் விட்டிருந்தால் அந்தக் கற்கள் என் வரைபடத்திலேயே வந்திருக்காது.

அடக்கம் நடக்க யாராவது வந்தால் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். தொங்கவிட்டுக்கொண்டு நிற்பதும் கூடாது. துக்கத்தில் இருப்பவருக்கு உங்கள் கழுத்தில் தொங்குவது என்ன கேமரா என்பது பொருட்டல்ல, தன்னைப் படமெடுக்கிறார்கள் என்றுதான் படும்.

3. எந்தக் கேமரா, அது வேலை செய்கிறதா

பரணிலிருந்து எடுத்த அக்ஃபா கிளிக் பலர் வீட்டில் இருக்கிறது. அதற்கு ஃபோகஸ் மாற்ற முடியாது. சுமார் மூன்று மீட்டருக்குக் கிட்டே போனால் எழுத்து கலங்கும். தோட்டத்தின் முழுத் தோற்றத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், எழுத்துக்கு ஆகாது.

யாஷிகா மேட் 124ஜி மாதிரியான இரட்டை லென்ஸ் கேமராவில் நெகட்டிவ் பெரியது, எழுத்தின் விளிம்பு கூர்மையாக வரும். சுமார் ஒரு மீட்டர் வரை கிட்டே போகலாம். இரண்டு விஷயத்துக்குத் தயாராக இருங்கள். ஒன்று, மேலிருந்து பார்க்கும் கண்ணாடியில் படம் இடம் வலமாக மாறித் தெரியும். தமிழ் எழுத்து முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிவதுபோலப் புரண்டிருக்கும். மற்றொன்று, நீங்கள் பார்ப்பது மேல் லென்ஸ் வழியாக, படம் பதிவது கீழ் லென்ஸ் வழியாக. கிட்டத்தில் இந்த வித்தியாசம் மேல் வரியை வெட்டிவிடும். ஃப்ரேம் சரிசெய்தபின் இரண்டு லென்ஸுக்கும் இடையே உள்ள தூரம் அளவுக்குக் கேமராவை உயர்த்திவிட்டு எடுங்கள். ட்ரைபாடின் நடுத்தண்டில் அந்த உயரத்துக்கு ஒரு டேப் அடையாளம் ஒட்டிவைத்தால் ஒவ்வொரு தடவையும் அளக்க வேண்டியதில்லை.

முதல் தடவை வருகிறவருக்கு என் கருத்து: பென்டாக்ஸ் கே1000 போன்ற ஒரு எஸ்எல்ஆர், 50 எம்எம் லென்ஸ். பார்ப்பதுதான் பதியும். அரை மீட்டர்வரை கிட்டே போகலாம். ஷட்டர் முழுக்க மெக்கானிக்கல், பேட்டரி லைட் மீட்டருக்கு மட்டும்தான். படுத்த கல்லைக் குனிந்து எடுக்கவும் இதுவே வசதி.

எதுவாக இருந்தாலும் ஃபிலிம் போடுவதற்கு முன் பின்மூடியைத் திறந்து வெளிச்சத்தைப் பார்த்து ஷட்டரை ஒவ்வொரு வேகத்திலும் அடித்துப் பாருங்கள். பழைய கிரீஸ் கட்டியாகி, 1/30க்குக் கீழே உள்ள மெதுவான வேகங்கள்தான் முதலில் சிக்கும். மர நிழலில் நமக்குத் தேவைப்படுவதும் அதே வேகங்கள்தான். சர்வீஸ் முடிந்தது என்று சொல்லி நான் வாங்கிய ஒரு கேமராவில் 1/8, 1/15, 1/30 மூன்றிலும் ஷட்டர் ஒரே அளவு நேரம்தான் திறந்திருந்தது. ஒரு ரோல் முழுக்க வெளிறிப்போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

லென்ஸுக்குப் பின்னால் போன் டார்ச் அடித்து முன்னாலிருந்து பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி தெரிந்தால் அது பூஞ்சை. வெயிலுக்கு எதிரில் படம் மங்கும். பின்மூடி ஓரத்துப் பஞ்சு பிசுபிசுவென்று ஒட்டினால் வெளிச்சம் கசியும், மாற்றிவிடுங்கள்.

124ஜி மாதிரியான பல பழைய கேமராக்கள் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்தவை. இன்று கிடைக்கும் 1.5 வோல்ட் ஆல்கலைன் போட்டால் மீட்டர் தப்பாகக் காட்டும். போனில் ஒரு லைட் மீட்டர் ஆப் வைத்துக்கொண்டு இரண்டையும் ஒப்பிடுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் முதல் ரோலை மொட்டை மாடியில் எடுத்துக் கழுவிப் பார்த்துவிட்டுத்தான் கல்லறைக்குக் கொண்டுபோக வேண்டும்.

4. ஃபிலிம்

கறுப்பு வெள்ளை, ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் வேகம்) 400. இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் அல்லது கோடாக் ட்ரை-எக்ஸ். நிழலும் வெயிலும் திட்டுத்திட்டாக இருக்கும் இடத்தில் இவை தவறைப் பொறுத்துக்கொள்ளும். ட்ரைபாட் பழகிய பிறகு எஃப்பி4 பிளஸுக்குப் போகலாம். மணிகள் சிறியவை, கல்லின் சொரசொரப்பு நன்றாக வரும்.

ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால் முந்தின இரவே வெளியே எடுத்துவிடுங்கள். குளிர்ந்த ரோலை உடனே பிரித்தால் நீர் பூத்துப் படத்தில் புள்ளி விழும்.

35 எம்எம் ரோல் போட்டதும் அடுத்த ஃப்ரேமுக்குத் தள்ளும்போது இடது பக்கத்து ரீவைண்ட் குமிழ் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றவில்லை என்றால் ஃபிலிம் மாட்டவில்லை. என்னோடு வந்த ஒரு தம்பி அரைநாள் வேலை செய்தான். கவுன்டர் 36ஐத் தாண்டியும் நிற்கவில்லை என்று என்னிடம் காட்டியபோதுதான் தெரிந்தது, ரோல் இருந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை. அவன் எடுத்த கற்களில் ஒன்று அடுத்த தடவை போனபோது அங்கே இல்லை.

5. எந்தக் கல்லை எந்த நேரத்தில் எடுப்பது

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். வெட்டிய எழுத்து நிறத்தால் தெரிவதில்லை, பள்ளத்தில் விழும் நிழலால் தெரிகிறது. நேர் எதிரே வெயில் அடித்தால் பள்ளத்துக்குள்ளும் வெளிச்சம் நிரம்பி எழுத்து மறைந்துவிடும். கல்லின் முகத்தை உரசிக்கொண்டு போகிற மாதிரி பக்கவாட்டில் வெளிச்சம் வர வேண்டும். ஃபிளாஷ் ஆகாது என்பதும் இதனால்தான்.

கிழக்கு பார்த்த கல்லுக்குக் காலை வெயில் நேராக முகத்தில் அடிக்கும். அழகான நேரம், எழுத்துக்கு மோசமான நேரம். பெங்களூரில் உச்சிப் பொழுது சுமாராகப் பன்னிரண்டு இருபது. பதினொன்றரையிலிருந்து அதுவரை சூரியன் கிழக்கு முகத்தின் தளத்தை நெருங்கி, மேலிருந்து கீழாக உரசும். ஒவ்வொரு எழுத்துக்கும் மேல் விளிம்பில் ஒரு கறுப்புக் கோடு விழும். பதினைந்து நாளாகப் படிக்க முடியாத கல் அந்த அரைமணி நேரத்தில் தானாகப் படிக்கக் கிடைக்கும். புகைப்படக்காரர்கள் வீட்டுக்குப் போகும் உச்சி வெயில்தான் நமக்கு வேலை நேரம்.

தரையில் படுத்த கல்லுக்கு நேர்மாறு. உச்சி வெயில் அதன் முகத்தில் நேராக விழும். காலை ஏழு, ஏழரைக்கும் மாலை ஐந்துக்கு மேலும்தான் வெயில் அதை உரசும்.

மேற்கு பார்த்த கல்லை உச்சி சாய்ந்தபின் ஒரு மணி நேரத்துக்குள் எடுங்கள். தெற்கு பார்த்ததைக் குளிர்காலக் காலையிலும் மாலையிலும். வடக்கு பார்த்த கல்லின் முகத்துக்கு நம் ஊரில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை தவிர நடுப்பகல் வெயில் கிடைக்காது.

அப்படிப்பட்ட கற்களுக்கும் மரநிழலில் இருப்பவற்றுக்கும் முகம் பார்க்கும் கண்ணாடி வேண்டும். ஒன்றரை அடி உயரம் போதும். கூட வந்தவர் வெயில் விழும் இடத்தில் கண்ணாடியோடு நின்று, கல்லின் பக்கவாட்டிலிருந்து வெளிச்சத்தை அதன் முகத்தில் சரிய விட வேண்டும். தெர்மோகோல் பலகை கொண்டு வருகிறவர்கள் உண்டு. முகங்களுக்கு அது நல்லது, அதன் வெளிச்சம் மென்மையானது. நமக்கு வேண்டியது கூர்மையான நிழல்.

ஆக, ஒரு நாளின் வரிசை இப்படி வரும்: விடியலில் படுத்த கற்கள், எட்டிலிருந்து பதினொன்று வரை தோட்டத்தின் முழுத் தோற்றமும் கண்ணாடி வைத்து எடுக்க வேண்டியவையும், பதினொன்றரைக்குப் பிறகு, நிற்கும் கற்கள். நீங்கள் நடக்கும் பாதையை இந்த வரிசைக்கு ஏற்ப முதல்நாள் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

6. கல்லைத் தொடுவதற்கு முன்

சாக்பீஸ் தேய்ப்பது, மாவு தூவுவது, ஷேவிங் கிரீம் பூசுவது, கம்பிப் பிரஷ், பிளீச்சிங் பவுடர் எதுவும் கூடாது. மார்பிளின் மேல்தோல் ஏற்கெனவே மழையில் கரைந்து பொடியாக இருக்கும். ஒரு தேய்ப்பில் போகிற எழுத்து திரும்ப வராது. பழைய மார்பிளில் சில இடங்களில் ஈயத்தை உருக்கியோ அடித்தோ எழுத்தைப் பதித்திருப்பார்கள். நகம் பட்டாலே அவை உதிரலாம்.

காய்ந்த இலையை மென்மையான பிரஷ்ஷால் தள்ளலாம். அதற்கு மேல் எது செய்வதானாலும் அனுமதி கேளுங்கள். பூ, மெழுகுவர்த்தி, ஜெபமாலையை நகர்த்தாதீர்கள், படத்தில் இருக்கட்டும். பையைக் கல்லறை மேல் வைக்கக் கூடாது, ட்ரைபாட் கால் பக்கத்துக் கல்லறையில் ஊன்றக் கூடாது, சாய்ந்த கல்லில் முதுகு சாய்க்கக் கூடாது. பல கற்கள் வெறும் மண்பிடிப்பில்தான் நிற்கின்றன.

7. எக்ஸ்போஷர்

மீட்டர் எதைப் பார்த்தாலும் அதைச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். வெள்ளை மார்பிளை அளந்து அப்படியே எடுத்தால் கல் அழுக்காகவும் சுற்றியுள்ள எல்லாம் இருட்டாகவும் வரும். கறுப்புக் கிரானைட்டில் இதற்கு நேரெதிர்.

எளிய வழி உள்ளங்கை. கல்லின் மேல் விழும் அதே வெளிச்சத்தில், அதே கோணத்தில் உள்ளங்கையைக் காட்டி அளந்து, ஒரு ஸ்டாப் (இரு மடங்கு வெளிச்சம்) கூடுதலாகத் திறங்கள். உள்ளங்கையின் வெளுப்பு ஆளுக்கு ஆள் பெரிதாக மாறுவதில்லை, அதனால் இது நம்பகமானது.

மீட்டரே இல்லையென்றால்: முழு வெயிலில் அபர்ச்சர் (லென்ஸ் திறப்பு) எஃப் 16, ஷட்டர் ஐஎஸ்ஓவுக்கு அருகில் உள்ள எண். 400 ஃபிலிமுக்கு 1/500. திறந்த நிழலில் எஃப் 5.6, அடர்ந்த மரநிழலில் எஃப் 4 வரை. சந்தேகம் வந்தால் கூடுதலாகக் கொடுங்கள். நெகட்டிவ் ஃபிலிம் அதிகத்தைத் தாங்கும், குறைந்தால் நிழலில் ஒன்றும் இருக்காது.

நிற்கும் கல்லை நேராகப் பார்த்து எடுக்கும்போது எஃப் 8 போதும். படுத்த கல்லைக் கால்பக்கத்திலிருந்து சாய்வாக எடுக்கும்போது எஃப் 16 வைத்து, நடு வரிக்குச் சற்று முன்னால் ஃபோகஸ் செய்யுங்கள். வேகம் 1/60க்குக் கீழே போனால் ட்ரைபாடும், கேமராவைத் தொடாமல் ஷட்டரை அடிக்கும் கேபிள் ரிலீஸும் கட்டாயம்.

பாலிஷ் கிரானைட்டில் உங்கள் உருவமே விழும். கறுத்த சட்டை போட்டு, சற்றே ஒதுங்கி நில்லுங்கள். புதிய கற்களில் பதித்த முகப்படங்கள் இருந்தால் குடும்பத்தைக் கேட்காமல் எடுக்க வேண்டாம் என்பது என் வழக்கம்.

8. ஒரு கல்லுக்கு மூன்று படம்

முதலாவது, பக்கத்துக் கற்களோடு. பின்னால் யாராவது தேடி வந்தால் இடத்தை இதை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். இரண்டாவது, கல் முழுவதும், நேராக. மூன்றாவது, எழுத்து மட்டும், ஃப்ரேம் நிறைய. எழுத்து நீளமாக இருந்தால் மூன்றாவதை இரண்டாகப் பிரியுங்கள்; முதல் பாதியின் கடைசி வரி இரண்டிலும் வரட்டும்.

மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தூரத்திலிருந்து எடுத்ததைப் பெரிதாக்கிப் படிக்கலாம் என்று நினைக்கிறார்கள். 35 எம்எம் நெகட்டிவில் அது மணலாகத்தான் தெரியும்.

9. அங்கேயே, கையால் எழுதிக்கொள்ளுங்கள்

ஃபிலிமில் எடுத்ததை உடனே பார்க்க முடியாது. நோட்டுதான் உங்கள் திரை. ஃப்ரேம் எண், வரிசை, நேரம், அபர்ச்சர், ஷட்டர். அதன் கீழே கல்வெட்டை வரிக்கு வரி, இருக்கிறபடியே. புரியவில்லை என்றால் திருத்தாதீர்கள், வடிவத்தை வரையுங்கள்.

பழைய தமிழ்க் கற்களில் புதியவர்கள் இடறும் இடங்கள் சில உண்டு. புள்ளி வைக்காமலே வெட்டியிருப்பார்கள்: "கரததருககுள" என்று இருப்பது "கர்த்தருக்குள்". சில கற்களில் கொம்புக்குக் குறில் நெடில் வேறுபாடு இருக்காது, காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணா, றா, னா, லை, ளை வடிவங்கள் இளையவர்களுக்குப் பழக்கமில்லை. தமிழ் எண்ணில் ஆண்டு இருந்தால் இன்னும் சிக்கல். ௧௮௯௨ என்று வெட்டியிருந்ததைக் கூட வந்த ஒரு பெண் "கஅகூஉ" என்று எழுதிக்கொண்டு, யாருடைய தலைப்பெழுத்து என்று கேட்டாள். அது 1892.

புள்ளிதான் எல்லாவற்றிலும் கஷ்டம். சுவரோரக் கல் ஒன்றில் ஓர் எழுத்தின் தலையில் சின்னக் குழி. புள்ளியா, கல் பெயர்ந்ததா? கண்ணாடியை இடப்பக்கம் வைத்துப் பார்த்தோம், பிறகு வலப்பக்கம். உளி வைத்த குழியின் விளிம்பு இரண்டு பக்கமும் கூர்மையாக நிழல் தந்தது. தானாகப் பெயர்ந்த குழி ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் மழுங்கலாகவும் இருக்கும். அன்றிலிருந்து ஐயமான எழுத்து உள்ள கல்லுக்கு நாலாவதாக, எதிர்ப்பக்க வெளிச்சத்தில் ஒரு படம் எடுக்கிறேன்.

கல்லறைத் திருநாளுக்குப் பின் போனால் எழுத்துகளுக்குக் கறுப்புப் பெயின்ட் புதிதாக இருக்கும். அதை நம்பி எழுதாதீர்கள். பெயின்ட் அடித்தவர் தனக்குப் புரிந்ததைத்தான் அடித்திருப்பார். 3ஐ 8 ஆக்கிய கல்லை நான் பார்த்திருக்கிறேன். உரசும் வெளிச்சத்தில் பெயின்டுக்கு அடியில் உள்ள வெட்டு தனியாகத் தெரியும், அதைத்தான் குறிக்க வேண்டும்.

10. கழுவுவதும் ஸ்கேனும்

வீட்டில் கழுவுகிறவர்களுக்கு: எச்பி5 பிளஸ், டி-76 டெவலப்பர் தண்ணீர் கலக்காமல், 20 டிகிரியில் ஏழரை நிமிடம். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் அதைவிடச் சூடு. 24 டிகிரியில் நேரம் சுமார் ஐந்தேகால் நிமிடத்துக்கு இறங்கும். ஐந்துக்குக் கீழே போனால் திட்டுத்திட்டாக வரும், அதனால் ஐஸ் கட்டிப் பாத்திரத்தில் டப்பாவை வைத்துக் குளிரவிடுங்கள்.

போர்வெல் தண்ணீரில் கடைசியாக அலசினால் காயும்போது வெள்ளைக் கறை படியும். அது எழுத்தின் மேல் விழுந்தால் புள்ளி மாதிரியே இருக்கும். கடைசி அலசல் டிஸ்டில்டு வாட்டரில், ஒன்றிரண்டு சொட்டு வெட்டிங் ஏஜென்ட்டோடு.

லேபில் கொடுத்தால் காண்ட்ராஸ்ட் ஏற்றாமல் தட்டையாக ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். ஏற்றிவிட்டால் மார்பிள் வெளுத்து மெல்லிய எழுத்துகள் போய்விடும். நெகட்டிவைத் திரும்ப வாங்க மறக்காதீர்கள். கோப்பின் பெயரில் வரிசையும் கல் எண்ணும் நோட்டில் உள்ளபடியே இருக்கட்டும்.

பிரின்ட் போடும்போது ஒன்றுக்கு இரண்டாகப் போடுங்கள். ஒன்று கல்லறை அலுவலகத்துக்கு, பின்பக்கம் கல்வெட்டைப் பென்சிலால் எழுதி. சுவரோர வரிசையைக் காட்டிய பெரியவருக்கு நான் கொடுத்த படம் அவர் அறையில் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. தேடி வருகிறவர்களுக்கு அதைக் காட்டித்தான் இப்போது வழி சொல்கிறார்.